ஒரு பந்தல் அகல அந்தி

நிலக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்லும் வேலையிலிருந்த அங்கயற்கண்ணியின் மேல், வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று சொல்லி முடித்து அடுத்த மூச்சை அவள் இழுப்பதற்கு முன்னால், அந்தி வந்து இறங்கியது. ஊர் முழுவதற்குமான அந்தி அல்ல அது. நடுத்தரமான ஒரு கல்யாணப் பந்தலின் அகலமே அதற்கு இருந்தது, அவள் அதன் நடுக்காலாக நின்றாள், அவள் நடந்தால் அதுவும் நடந்தது. பந்தலுக்கு வெளியே பகல் தன் போக்கில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே சூரியன் மறைந்து விளக்கேற்றுவதற்கு இடைப்பட்ட அந்தச் சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம் நிலைத்து நின்றது. நிலையத்து வேப்பமரத்தில் மைனாக்கள் கூட்டமாக வந்து இறங்கி, படுக்க இடம் போதாமல் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு அடங்கின. அங்கயற்கண்ணி தேநீர் குடிக்க எழுந்து போனதும் மறுபடி பகல் வந்துவிடவே, ஏமாற்றப்பட்ட முகத்தோடு பறந்து போயின. பயணிகள் நிமிர்ந்து மேகத்தைத் தேடினார்கள், காணவில்லை, பொள்ளாச்சி வண்டி புறப்படுகிறது என்பதால் ஏறிக்கொண்டார்கள்.

காரணம் தேடியவர்கள் இல்லாமலில்லை. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஒரு கருவியை அவள் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார். ஒரு சோதிடர் சனியைச் சொன்னார், இன்னொருவர் ராகுவைச் சொன்னார், இருவரும் அவள் ஜாதகத்தை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். காரணத்தை வைத்துக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஊர் அதைக் கைவிட்டது. பயனற்ற காரணங்களைத் தூக்கிச் சுமக்காமல் இருப்பதில் நிலக்கோட்டைக்கு இணையான ஊர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

ஊர் அந்தியோடு பழகிய விதந்தான் பார்க்கத் தகுந்தது. மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் அதற்கு விலை. பூச்சந்தை வழியாக அங்கயற்கண்ணி ஒரு காலையில் நடந்து போனபோது, சாக்குகளில் குவித்திருந்த மொட்டெல்லாம் பொழுது சாய்ந்ததென்று நம்பி ஒரே மூச்சில் மலர்ந்துவிட்டன. வியாபாரிகள் அவளைத் திட்டவில்லை. பின்தெரு வழியாகச் சுற்றிப் போகும்படி கையெடுத்துக் கேட்டுக்கொண்டார்கள், அவள் போனாள். அதற்கு மாறாக, கல்யாண மண்டபத்து மாலைகள் சரியான நேரத்தில் விரிய வேண்டுமென்று பூக்கட்டுகிறவர்கள் அவளை வந்து அழைத்துப் போனார்கள். நிலையத்துத் தேநீர்க் கடைக்காரர் அதுவரை மாலையில் மட்டும் போட்டுவந்த பஜ்ஜியை விடிந்ததிலிருந்து போடத் தொடங்கினார், ஏனென்றால் அந்திக்குள் நுழைந்த எவருக்கும் அந்த நேரத்துப் பசி தவறாமல் வந்தது. அவள் தெருவில் நடக்க நடக்கத் தெருவிளக்குகள் தாமாக எரிந்து, அவள் கடந்ததும் அணைந்தன. பொழுது சாய்ந்தபின்தான் குடிப்பேன் என்று மனைவியின் தலையில் சத்தியம் செய்திருந்த இருவர், தங்கள் பெஞ்சைத் தூக்கிவந்து அவள் அறைக்கு அருகில் போட்டார்கள். அவள் ஒலிபெருக்கியில் அவர்களுடைய பெயர்களை ஊர்ப்பெயர்களுக்கு நடுவே சேர்த்துச் சொன்னதும் பெஞ்சு திரும்பிப் போயிற்று. நோன்பு மாதத்தில் வத்தலக்குண்டு வண்டி ஓட்டும் அபுதாகிர் தண்ணீர்ப் புட்டியோடு அவள் சன்னலில் வந்து நின்றான்.

"அக்கா, உங்க பக்கத்துல நின்னு நோன்பு தொறந்துக்கலாமான்னு பள்ளிவாசல் அசரத்துகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சூரியன் எப்ப அந்த அம்மாவுக்கு வேலை பார்க்க ஆரம்பிச்சிச்சுன்னு கேட்டாரு."

"சரியாத்தான் கேட்டிருக்காரு. போயி வண்டிய எடு."

சிக்கலாகிப்போனது உப்பு மட்டுமே. விளக்கு வைக்கும் நேரத்தில் உப்பு, ஊசி, தயிர் மூன்றையும் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை என்பது அந்த ஊரில் எவரும் கேள்வி கேட்காத வழக்கம். அங்கயற்கண்ணிக்கோ எப்போதும் விளக்கு வைக்கும் நேரம்.

"மணி பதினொண்ணு ஆகுது தங்கப்பாண்டி. உப்பைப் போடு."

"உங்க கடியாரத்துல பதினொண்ணுதாங்க்கா. நீங்க வந்து நின்னா என் கல்லாவுக்கு ஆறரை." மளிகைக்காரன் தலையைச் சொறிந்தான். "நான் வேணும்னா உப்பை அந்தப் பாலத்துச் சுவர்ல வெச்சிட்டு வந்துர்றேன். நான் குடுத்ததாவும் ஆகாது, நீங்க வாங்கினதாவும் ஆகாது."

அப்படியே அது நடந்துவந்தது. ஒரு வழக்கத்தை உடைக்காமல் அதைச் சுற்றி வழிவெட்டும் இந்தச் சாமர்த்தியத்தை வேறு எந்தப் படிப்பும் தந்துவிடாது. அங்கயற்கண்ணி அதை மனதாரப் பாராட்டினாள், வாயால் பாராட்டவில்லை.

அவளுக்கு நாற்பது கடந்திருந்தது. கல்யாணத்தைப் பற்றி விசாரித்தவர்களுக்கு அடுத்த வண்டியின் நேரத்தைச் சொல்லி அனுப்பிவிடுவது அவள் வழக்கம். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, தங்கை பொற்கொடிக்குப் பேன் பார்த்து, சடை பின்னி, பட்டப்படிப்பு வரை படிக்க வைத்து, உடுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். தங்கை ஏறிப்போன வண்டிக்கும் ஒலிபெருக்கியில் ஊர்ப்பெயர் சொன்னவள் அவளேதான், அன்று மட்டும் உடுமலை என்ற சொல்லை இரண்டு முறை சொன்னாள். வெகுகாலம் காத்திருந்து பொற்கொடிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, அந்தி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தகவலைச் சொன்ன தொலைபேசியிலேயே மற்றதும் வந்தது.

"அக்கா, அத்தை உன்னய வரச் சொல்றாங்க. ஆனா பகல்ல வரச் சொல்றாங்க."

"பகலுக்கு நான் எங்கடி போவேன்?"

"அதான் எனக்கும் தெரியல. பச்சப்புள்ள இருக்கற வீட்டுக்குள்ள விளக்கு வைக்கிற நேரத்துல வெளியாளு வரக்கூடாதாம். உன் கதையெல்லாம் சொல்லிப் பார்த்துட்டேன். சரி, தெருவுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லு, நீ புள்ளையத் தூக்கி வாசல்ல காட்டு, பார்த்துட்டுப் போகட்டும்கிறாங்க."

"எத்தனை நேரம் காட்டுவியாம்?"

பொற்கொடி மூக்கை உறிஞ்சினாள். தங்கையின் அழுகைகளை வகைபிரித்து அறிந்தவள் என்பதால், இது சளி அல்ல என்று அங்கயற்கண்ணிக்குத் தெரிந்தது.

ஒரு பார்வை. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பார்வை. அதை எடுத்து வைத்துக்கொள்ள வழியிருந்தால் போதும் என்று அவள் முடிவு செய்தாள். அவளுடைய கைபேசி அதற்கு உதவாது. அந்திக்குள் அது எடுக்கும் படங்களில் மனிதர்கள் கேப்பைக் கூழில் விழுந்த ஈக்களைப் போலிருந்தார்கள். ஃபிளாஷ் அடித்தால், அந்த வெளிச்சத்தை அந்தி ஒரு செருமலைப் போல விழுங்கிவிட்டு முன்போலவே நின்றது. எந்த விளக்கும் அவளைச் சுற்றி அந்திக்கு அடங்கியே எரியும். ஆகவே அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பின்னாலிருந்த மரியலூயிஸின் கேமராக் கடைக்குப் போனாள்.

அவள் படியேறியதும் கடையின் குழல்விளக்குகள் மங்கின. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு விறைத்து உட்கார்ந்திருந்த ஒருவர் கொட்டாவி விட்டார். லூயிஸ் முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்து மேலே பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான்.

"நிலக்கோட்டை அக்காவா? கேள்விப்பட்டிருக்கேன். உள்ள வாங்க, உக்காருங்க. சார், உங்க படம் அப்புறம். நீங்க கொஞ்சம் தூங்குங்க."

அவள் தேவையைச் சொன்னாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு குழந்தையின் முகத்தை எடுக்க வேண்டும். வண்டியில் கூட்டத்துக்கு நடுவில் மடிப்பையிலிருந்து ஒரு கையால் எடுக்க வேண்டும். மூன்று கால் வைத்து நிறுத்தும் சாமானெல்லாம் ஆகாது. வெளிச்சம் இவ்வளவுதான் இருக்கும், இதற்கு மேல் வராது. லூயிஸின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது. கண்ணாடிப் பெட்டியிலிருந்த மூன்று கேமராக்களை எடுத்து அவள் முன்னால் வைத்தபோது, நெடுங்காலம் பொய்ச்சாட்சி சொல்லிவந்தவன் கடைசியில் நிஜத்தைச் சொல்லக் கூண்டேறியதைப் போலிருந்தான்.

"இருட்டுல எப்படி எடுக்கும்னு எல்லாரும் கேக்கறதுதாங்க்கா. கேமராவ இந்த மேசைக்கு அடியில கொண்டுபோயித்தான் சோதிச்சுப் பார்ப்பாங்க. நீங்க கையோட கொண்டுவந்துட்டீங்க."

முதலாவது பெரியது, லென்ஸ்களைக் கழற்றி மாட்டக்கூடியது, படம் பிரமாதமாக விழும், ஆனால் அதற்கென்று தனிப் பை, பையைக் காக்க ஒரு ஆள் வேண்டும். "இத வெச்சுக்கிட்டு நின்னுட்டுப் போற வண்டியில போனா கண்டக்டர் இதுக்கும் டிக்கெட் கேப்பாரு" என்று அதை அவளே ஒதுக்கினாள். இரண்டாவது சட்டைப்பைக்குள் அடங்குவது, ஆனால் மூக்கை முழம் நீட்டும். மணிக்கூண்டிலிருந்து மலைக்கோட்டை வாசலை எட்டிப் பிடிக்கும். மூன்றாவது குளியல் சோப்புக் கட்டியின் பருமனே இருந்தது. ஆமை தலையை நீட்டுவதைப் போல லென்ஸைச் சிறிதாக நீட்டி, அதோடு நின்றுகொண்டது.

"இது தூரமா எட்டாதுக்கா. ஆனா இதோட கண்ணு பெருசு. இந்த எண் இருக்கு பாருங்க, எண்ணு சின்னதாக ஆகக் கண்ணு பெருசாத் திறக்கும்."

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். சின்ன அதிகாரிக்குத்தான் கண்ணு பெருசாத் திறக்கும்."

"உள்ள வெளிச்சத்தப் பிடிக்கிற தகடும் இதுல பெருசு. மழைத்தண்ணி பிடிக்க டம்ளர் வெக்கிறதுக்கும் அண்டா வெக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். மத்ததுல வெளிச்சம் பத்தலைன்னு ஏத்திவிட்டா படத்துல குருணை மாதிரி புள்ளி விழும். இது கொஞ்சம் தாங்கும். கை ஆடினாலும் தாங்கும்."

சொன்னதை நம்பும் வழக்கம் அவளுக்கு இல்லை. எதிர்வரிசையில் தையற்காரர் சகாயம் மிதித்துக்கொண்டிருந்தார், அந்தியின் விளிம்பு அவருடைய கடைவரைக்கும் எட்டியிருந்தது. லூயிஸ் வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"சகாயண்ணே, கொஞ்சம் ஆடாம அசையாம தைங்க. படம் எடுக்கறோம்."

"ஆடாம எப்படிடா தைக்கிறது? உன் வாயத் தைக்கணும்னாலும் காலு ஆடணும்டா."

எட்டிப் பிடிக்கும் கேமரா சகாயத்தைச் சட்டகம் நிறைய இழுத்துவந்து காட்டியது. வந்தவர் சாம்பலாக வந்தார், மூக்கு எது மீசை எது என்று அவருக்கே தெரியாது. எட்டாத கேமராவில் அவர் கட்டைவிரல் அளவே விழுந்தார். ஆனால் அந்தக் கட்டைவிரலுக்குள் ஊசியின் மினுக்கமும் நூலின் சிவப்பும் இருந்தன. அங்கயற்கண்ணி எழுந்து, கேட்காமலே தெருவைக் கடந்து, சகாயத்தின் முன்னால் போய் நின்று மூச்சை அடக்கி ஒன்று எடுத்தாள். காதுமடலில் ஒட்டியிருந்த சாக்குக் கட்டியின் தூள், புருவத்தில் தனித்து நிமிர்ந்த வெள்ளை மயிர், ஒரு நல்ல சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கும் மனிதனின் முகத்தில் மட்டுமே வரும் அந்தச் சிறிய கர்வம், எல்லாம் அந்தியின் நிறம் கெடாமல் விழுந்திருந்தன. அந்தியைத் துடைத்துப் பகலாக்கிக் காட்டும் தந்திரமும் அதில் இருந்தது. லூயிஸ் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினான். சகாயம் சுண்ணாம்பு அடித்ததைப் போல வெளுத்துப் போனார்.

"அதை அணைச்சிரு. இவரு இப்படி இல்ல."

"அப்ப இதையா எடுக்கறீங்க?" லூயிஸ் நேர்மையானவன், அதனால் தயங்கினான். "தெருவுக்கு அந்தப் பக்கமே நிக்கணும்னு சொன்னீங்களேக்கா. இது எட்டாதே."

"எட்டலைன்னா கிட்டப் போறேன்."

"விடுவாங்களா?"

"அது கேமராவோட வேலை இல்ல, லூயிஸ். என் வேலை."

கிட்டப் போகாமல் எதையும் சரியாகக் காட்டாத ஒரு பொருளை, கிட்டவே விடாத ஒரு வீட்டுக்காக வாங்கியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முட்டாள்தனம் என்று திண்டுக்கல்லில் இரண்டு பேர் சொன்னார்கள். அந்தியில் ஒரு முகத்தைப் பார்த்திராதவர்கள் அவர்கள்.

அவள் வாழ்நாளெல்லாம் பெயர் சொல்லி அனுப்பிவைத்த உடுமலை வண்டியில் முதன்முறையாக ஏறினாள். யாரும் கேட்டுக்கொள்ளாமலே ஓட்டுநர் முகப்பு விளக்கைப் போட்டார். வண்டிக்குள் அந்தி நிறைந்ததும், பகல் வண்டியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து முறைத்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் தளர்ந்து, பக்கத்து ஆளிடம் முறுக்கை நீட்டினார்கள், விற்றுவிட்ட நிலத்தைப் பற்றியும் பேசாமல் போன மகனைப் பற்றியும் தாமாகச் சொன்னார்கள். ஒட்டன்சத்திரத்துச் சந்தைக்கு முருங்கைக்காய்க் கட்டோடு போன ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவனின் தோளில் தூங்கிவிழ, அவன் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அவளைத் தூங்கவிட்டான். அங்கயற்கண்ணி எடுத்தாள். முழங்கையை விலாவில் அழுத்தி, வண்டி மேட்டில் ஏறித் தணியும் அந்த ஓர் இமைப்பொழுதுக்குக் காத்திருந்து எடுத்தாள். சன்னலுக்கு வெளியே பந்தலுக்கு அப்பால் பழனிமலை வெயிலில் எரிந்துகொண்டிருந்தது; மலையை நம்பி அழுத்தினால் முகம் கரியாயிற்று, முகத்தை நம்பி அழுத்தினால் மலை வெளுத்துக் காணாமல் போயிற்று. இரண்டும் கேட்கும் பேராசைக்கு அந்தச் சிறு பொருளிடம் பதில் இல்லை என்று விளங்கியதும், அவள் மலையை விட்டாள். மலை அங்கேயேதான் இருக்கும், முருங்கைக்காய்க்காரி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். படத்தைத் திருப்பிக் காட்டியபோது தோள் கொடுத்த ஆள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் மூஞ்சி இவ்வளவு நல்லாவா இருக்கு" என்று கேட்டான்.

"இந்த நேரத்துல எல்லார் மூஞ்சியும் நல்லாத்தான் இருக்கும். ரொம்பப் பெருமப்படாதீங்க."

உடுமலையில் இறங்கி, நகரப் பேருந்தில் மாறி, கிராமத்துத் தெருவில் அவள் நுழைந்தபோது நடுக்காலை நேரம். கோழிகள் அவசரமாகக் கூடைக்குத் திரும்பின. எதிர்வரிசையில் நிற்கும்படி சொல்லியிருந்த இடத்திலேயே அவள் நின்றாள். தெரு குறுகல், பந்தல் அகலம், அந்தி அவளைக் கேட்காமல் தெருவைக் கடந்து, தங்கையின் வீட்டு வாசலையும் முன்னறையையும் நிறைத்தது. வாசலில் பொற்கொடியின் மாமியார் பாவாத்தாள் முறத்தோடு நின்றிருந்தார். ஒடிசலான, நிமிர்ந்த, எதையும் தானே சரிபார்த்துக்கொள்ளும் மனுஷி. இந்தக் குழந்தைக்காக வேண்டாத தெய்வமில்லை, அதனால் கிடைத்ததைக் காப்பதில் அவருக்கு எந்த வெட்கமும் கிடையாது.

"வாங்கொ. வந்தது சந்தோசமுங்க. அங்கயே நின்னுக்கோங்க."

"நிக்கிறேங்க."

"தப்பா நெனைக்காதீங்க. வெளக்கு வெக்கற நேரத்துல வெளியாளு பச்சப்புள்ள இருக்கற ஊட்டுக்குள்ளார வரக்கூடாது. நான் போட்ட சட்டமில்லீங்க, என்ற மாமியா சொல்லிட்டுப் போனது. காட்டிப்போட்டு உடனே கதவச் சாத்திக்கறோம்."

அவர் கதவில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. அந்தி அந்நேரம் அவருடைய முற்றம்வரை போயிருந்தது, தெருவிளக்கு எரிந்திருந்தது, மாட்டுக் கொட்டகையில் கன்று பாலுக்குக் கத்தியது. நினைவு தெரிந்த நாள் முதல் இந்த வெளிச்சத்துக்குச் செய்துவந்ததை அவருடைய உடம்பு தன்பாட்டுக்குச் செய்யத் தொடங்கிற்று. முறத்தை வைத்தார், ஓடிப்போய்ப் பின்வாசலைச் சாத்தினார், முகம் கழுவினார், நெற்றியில் திருநீறு பூசினார், திரும்பி வந்து முன்வாசலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவைத்துவிட்டு, தான் செய்ததைப் பார்த்துத் தானே திகைத்து நின்றார். விளக்கு வைக்கும் நேரத்தில் எந்த வீட்டிலும் முன்வாசலைச் சாத்துவதில்லை. மகாலட்சுமி வந்து பார்த்துத் திரும்பிப் போய்விடுவாள்.

"சாத்துனா அவ போயிருவா" என்றார் பாவாத்தாள், யாரையும் பார்க்காமல். "தொறந்து வெச்சா நீங்க வந்துருவீங்க. இப்ப நான் என்னத்தப் பண்றது?"

"நான் வரலைங்க. நீங்க விளக்கை ஏத்துங்க."

அந்த நிலைமையில் செய்யக்கூடியது அது ஒன்றே. அவர் குத்துவிளக்கை நடையில் வைத்து ஏற்றினார், தெருக்காற்றுக்கு அஞ்சி உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தார். பொற்கொடி குழந்தையோடு விளக்குக்குப் பின்னால் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். அக்காவைப் பார்த்துச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது.

அங்கயற்கண்ணி கேமராவை எடுத்தாள். லென்ஸ் அதன் எல்லைவரை நீண்டது, நீண்டும் சட்டகத்தில் ஒரு கதவு தெரிந்தது, கதவுக்குள் ஒரு பொட்டுச் சுடர், சுடருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணிச்சுருள். அதற்குள்தான் அவள் வந்த காரியம் இருந்தது. அவள் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை, தெருவின் பாதிக்கு வந்தாள். இன்னும் நடந்து கோலத்தின் விளிம்புக்கு வந்தாள்.

"கோலத்த மிதிச்சுப்போடாதீங்க."

"மிதிக்க மாட்டேன்." அங்கேயே நின்றாள். பெருவிரல்கள் கோலப்பொடியைத் தொடாமல் மடங்கியிருந்தன. விலாவில் முழங்கையைச் சேர்த்து, மூச்சை வெளியே விட்டு, உள்ளே இழுக்குமுன் அழுத்தினாள்.

"எங்க, காட்டுங்க பாக்கலாம்." பாவாத்தாள் கையை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு ஒரு பொருளைக் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. ஒருவர் இறங்க வேண்டும், அல்லது மற்றவர் ஏற வேண்டும். அவளை ஏறச்சொல்ல முடியாது என்பதால் அவரே இறங்கி, கோலத்தைச் சுற்றிக்கொண்டு, அந்திக்குள் அவள் தோளருகே வந்து நின்றார்.

சிறிய திரையில் சுடர் ஒரு நெல்மணியைப் போல நின்றது. அதைக் காக்கும் உள்ளங்கை விளிம்பெல்லாம் சிவந்து, எலும்பு எங்கே சதை எங்கே என்று காட்டிக்கொண்டு ஒளிர்ந்தது. அதற்கு மேலே ஒரு முகம்: கடைவாய்ச் சுருக்கம், மூக்குத்தி, எதையோ ஒன்றைக் காற்றிடமிருந்து காப்பாற்றும்போது மட்டும் வாயில் விழும் இறுக்கம். பாவாத்தாள் தன் வாழ்நாளில் கல்யாணத்துக்கு ஒன்று, குடும்ப அட்டைக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்ட படங்களில் எப்போதும் பயந்து போனவராகவே இருந்தவர்.

"இதாரு, நானா?"

"நீங்கதான்."

"கையி என்னமோ இப்படி எரியுது." தன் நிஜக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவருடைய கண், சரிபார்த்தே பழகிய கண், படத்தின் ஓரத்துக்குப் போயிற்று. "நெலக்கதவு என்ற பாதி மூஞ்சிய மறச்சுருச்சே. புள்ளையக் காணவே காணோம். என்ற தோளு முன்னால நிக்குது."

"வாசலுக்கு வெளிய இருந்து எடுத்தா இவ்வளவுதாங்க விழும்."

"எட்ட நின்னே எடுக்கற மாதிரி ஒண்ண வாங்கியிருக்கலாமில்லீங்க?"

"கடையில இருந்துச்சு. வேண்டாம்னுட்டேன்."

"ஏனுங்க?"

"அதுல உங்க கை எரிஞ்சிருக்காது. சாம்பலாத்தான் விழுந்திருக்கும்."

பாவாத்தாள் திரையை மறுபடி பார்த்தார். பிறகு தன் வீட்டைப் பார்த்தார். விரியத் திறந்த கதவு, எரியும் விளக்கு, விளக்குக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் மருமகள். அவருடைய மாமியார் இறந்து வெகுகாலம் ஆயிற்று. அந்த அம்மாளோடு அவர் மனதுக்குள் நடத்திய வழக்கு எவ்வளவு நேரம் நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் வாதங்களில் ஒன்று வெளியே கேட்டது.

"வெளியாளு வரக்கூடாதுன்னுதான் சொன்னா. போட்டோ புடிக்கறவங்க வரக்கூடாதுன்னு சொல்லல." அதுவும் போதாதென்று கண்டு, குரலைத் தாழ்த்தினார். "அவ சொன்ன காலத்துல இந்த மருமகளும் இல்ல, இவ அக்காவும் இல்ல. இவளுக்கு அம்மா மாதிரி இருந்தவள வெளியாளுங்கறது எப்படி?"

அங்கயற்கண்ணிக்கு நாவில் ஆயிரம் பதில்கள் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை; அவள் வாழ்க்கையில் செய்த கடினமான காரியங்களில் அதையும் சேர்க்க வேண்டும்.

"தொட்டித் தண்ணி அங்க இருக்குது" என்றார் பாவாத்தாள். "கால கழுவிட்டு வாங்க."

அவள் கால் கழுவினாள், கோலத்தைச் சுற்றிக்கொண்டு, நிலைப்படியில் வலதுகால் வைத்து உள்ளே போனாள். அந்தி ஏற்கனவே வீட்டின் எல்லா மூலையிலும் உட்கார்ந்திருந்தது. பொற்கொடி துணியை விலக்கினாள்.

"அக்கா, இவ பகல்ல கண்ணத் தொறக்கவே மாட்டா. சன்னல் வெளிச்சத்துக்கும் மூஞ்சியச் சுருக்கிக்குவா, ராத்திரி லைட்டுக்கும் சுருக்கிக்குவா. நாங்க யாருமே இன்னும் இவ கண்ணச் சரியாப் பார்த்ததில்ல."

குழந்தை விழித்திருந்தது. கூச வைக்கும் எதுவும் அந்த அறையில் இல்லாததால், கருவிழிகள் கிண்ணம்போல் அகன்று, கிடைத்த அவ்வளவு வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டு, முன்னால் இருந்த முகத்தை அப்படியே பார்த்தது. அங்கயற்கண்ணி கேமராவை மார்பளவில் பிடித்தபடி, அழுத்த மறந்து, திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவாத்தாள் முந்தானையைச் சரிசெய்து, மூக்குத்தியைத் துடைத்து, பேத்தியின் பக்கத்தில் கதவு மறைக்காத இடமாகத் தேர்ந்து நின்றுகொண்டு, தாடையை உயர்த்தினார்.

"புடிங்க. எத்தன நேரந்தான் மூஞ்சிய இப்படியே வெச்சுட்டு நிக்கறது?"